மேனேஜருக்கு ஒரு திட்டு வேண்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உன் அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து "முதல் வரியிலயே பொய்யா?" என்றாள், அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இந்த வீட்டில் இப்போது மூன்று பேர். அம்மா நலம். நானும் நலம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது ஆளான மேனேஜர் நலமில்லை, கொட்டகையில் நான்கு காலில் நிற்கிறாள், அதற்கு மேல் நல்லதாக அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நீ அங்கே எப்படி இருக்கிறாய், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, அந்த சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றதா, இதெல்லாம் அம்மா மூலமாகத் தெரிந்துகொண்டுதான் இருக்கிறேன், இருந்தாலும் கேட்பது என் கடமை, கேட்டுவிட்டேன்.

போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்கு இத்தனை பக்கம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். காரணம் இரண்டு. நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, இன்றோடு நாற்பத்தோரு நாள் ஆகிறது, அது ஒன்று. இரண்டாவதுதான் முக்கியம். ஒருவேளை நீ எடுத்துவிட்டால், நான் சொல்லப்போகிற சங்கதியைக் கேட்டு அந்த நிமிஷமே திட்ட ஆரம்பித்துவிடுவாய், அது ரெக்கார்டு ஆகாமல் காற்றோடு போய்விடும், அப்படி ஒரு திட்டை வீணாக்கும் நிலைமையில் நாங்கள் இல்லை. ஆகவே தயவுசெய்து கடைசிப் பக்கம்வரை வாயைத் திறக்காதே, நடுவில் கோபம் வந்தால் செலவழிக்காமல் சேர்த்து வை. தபாலில் போட்டால் பன்னிரண்டு நாள் ஆகுமாம், மேனேஜருக்கு அவ்வளவு நாள் கிடையாது, எனவே சினை ஊசி போட வருகிற ஊசிக்காரர் இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துத் தன் போனிலிருந்து உனக்கு அனுப்புகிறார். மேலே நம்பர் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி, இல்லாவிட்டால் நான் முதலில் வருத்தப்பட்டுவிட்டு அப்புறம் போய்த் தப்புச் செய்தது போல இருக்கும்.

மேனேஜரை நீ வீடியோவில் கொம்பும் காதுமாகத்தான் பார்த்திருக்கிறாய், முழு ஆளாகப் பார்த்ததில்லை. பாதி நம் நாட்டு மாடு, பாதி சீமை மாடு. அவள் அப்பன் யாரென்று அவளுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, ஊசிக்காரரின் புகை கக்குகிற கேனுக்குள் ஒரு சினை ஊசிக் குச்சியாக உறைந்து வந்தவன், உன் ஊர்ப்பக்கத்துக் குளிர் தேசத்தான். நீ இங்கிருந்து அங்கே போனாய், அவன் அங்கிருந்து இங்கே வந்தான், கணக்கு நேராகிவிட்டது என்று ஒரு தடவை அம்மாவிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. நாட்டு மாடு நாலு படி கறப்பதற்குள் மூச்சுமுட்டும் இடத்தில் இவள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர் கறப்பாள். ஆனால் மடி மட்டும்தான் குளிர் தேசத்துக் கணக்கில் வேலை செய்கிறது என்று நினைக்காதே, உடம்பு முழுக்க அந்தக் கணக்குதான். பத்து மணி வெயிலுக்கு நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்க ஆரம்பித்துவிடுவாள். விசிறி இல்லாமல் நிற்க மாட்டாள், பழைய தண்ணீரைத் தொட மாட்டாள், எந்த வேலையும் செய்யாமல் எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பாள், அதனால்தான் மேனேஜர் என்று பெயர் வந்தது. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான், இப்படி ஒரு மேலதிகாரி ஓய்வு பெற்ற பிறகு வந்து வாய்ப்பார் என்று நினைக்கவில்லை.

இவளுக்கு முன்னால் இரண்டு பேர் போனதை நீ ஒவ்வொரு தடவையும் ஞாபகப்படுத்துவாய், நானே எழுதிவிடுகிறேன். முதல் மாடு கன்று போட்ட மறுநாள் சுண்ணாம்புச் சத்து இறங்கி, கழுத்தை மடித்துப் படுத்தது எழுந்திருக்கவில்லை. உடனே நான் சுண்ணாம்புச் சத்தைப் பற்றி எல்லாம் கற்றுக்கொண்டேன், ஊரில் யார் கேட்டாலும் சொற்பொழிவு செய்தேன். இரண்டாவது மாடு சுண்ணாம்புச் சத்து நிறைய வைத்துக்கொண்டு வெயில் தாங்காமல் போய்விட்டது. உடனே வெயிலைப் பற்றிக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு மாடும் எதில் செத்ததோ அதை நான் விழுந்து விழுந்து படிப்பேன், அடுத்த மாடு வேறு கேள்வித்தாளோடு வந்து நிற்கும். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதினவனுக்கு இது புதிதல்ல. மூன்றாவது மாடு வேண்டாம் என்று நீ சொன்னாய், கேட்கவில்லை. ரிடையரானவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் உன் அம்மா என்னைக் கட்டிப்போட்டுத் தீனி வைக்க வேண்டியிருக்கும், அதனால் வாங்கினேன்.

இப்போது உனக்குத் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். மேனேஜர் வந்த புதிதில் பாலை எக்கிக்கொண்டாள், அதாவது மடியில் பால் இருக்கும், கீழே விட மாட்டாள். மூன்று நாள் இழுத்துப் பார்த்தோம், பாத்திரத்தின் அடி நனைந்தது. நான்காம் நாள் காலை நான் ஸ்டூலில் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருக்கும்போது நீ அனுப்பிய குரல் செய்தி வந்தது. கையெல்லாம் பால் நுரை, எப்படியோ முழங்கையால் தட்டினேன், ஸ்பீக்கர் பெரிதாக வைத்திருந்ததால் கொட்டகை முழுக்க உன் குரல். "அப்பா, ப்ரெஷர் மாத்திரைய ஏன்ப்பா நிறுத்துனீங்க, உங்கள யாருப்பா டாக்டர் ஆக்குனது, ஏணி மேல ஏறாதீங்கன்னு சொன்னேனா இல்லையாப்பா" என்று நீ பிடித்துக்கொண்டாய். மேனேஜரின் இடது காது மெல்ல என் பக்கம் திரும்பியது. பால் சர்ரென்று இறங்கியது பார், பாத்திரம் நிரம்பி அம்மாவை இன்னொன்று கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன்.

தற்செயல் என்றாள் அம்மா. மறுநாள் போடாமல் கறந்தோம், சொட்டு இல்லை. போட்டோம், பால் வந்தது. சரி, குரல்தான் பிடித்திருக்கிறது என்று நீ என் பிறந்தநாளுக்குச் சிரித்துப் பேசி அனுப்பியதைப் போட்டோம், காலைத் தூக்கி ஒரு உதை விட்டாள், இன்னும் தொடையில் தடம் இருக்கிறது. திட்டுத்தான் வேண்டும். மூன்று நிமிஷம் நாற்பத்திரண்டு நொடி, அதில் பதினேழு இடத்தில் அப்பா என்று வருகிறது, பதினேழு தடவையும் காது திரும்பும், நான் எண்ணியிருக்கிறேன். அன்றிலிருந்து காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஏழு மாதம். பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கே மனப்பாடமாகிவிட்டது, அவர் மெஷினை மிதித்துக்கொண்டே "ஏணி மேல ஏறாதீங்கன்னு சொன்னேனா இல்லையாப்பா" என்று தன் பாட்டுக்குச் சொல்லுகிறார்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன், கோபத்தைச் சேர்த்து வை. ஒரே திட்டைக் கேட்டு மேனேஜருக்கு அலுத்துப்போகுமோ என்று பயம் வந்தது. புது திட்டு வேண்டும், ஆனால் சும்மா கேட்டால் நீ திட்டுவாயா. அதனால் நான் ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொண்டே, போடவில்லை போடவில்லை என்று உன்னிடம் பொய் சொன்னேன். ஒரு நாள் செருப்பில்லாமல் வயலுக்குப் போனதாகச் சொன்னேன், போகவில்லை. ஏணியில் ஏறி வழுக்கியதாகச் சொன்னேன், நம் ஏணியைத் தையல்காரர் வாங்கிப் போய் ஆறு மாதம் ஆகிறது. நீ நன்றாகவே திட்டினாய், பாலும் நன்றாகவே வந்தது. நீ அங்கே ராத்தூக்கம் இல்லாமல் இதையெல்லாம் நிஜமென்று நினைத்துக்கொண்டிருப்பாய் என்பது இந்த மரமண்டையில் ஏறவில்லை. மாத்திரை தீர்ந்த காலி அட்டைகளை எல்லாம் அம்மா ஆணியில் குத்தி மாட்டியிருக்கிறாள், ஊசிக்காரர் அதையும் படம் பிடித்து அனுப்புவார், எண்ணிப் பார்த்துக்கொள்.

அப்புறம் அந்தக் கூலர். அம்மாவுக்கு வெயிலில் தலை சுற்றுகிறது என்று படுக்கையறைக்கு நீ அனுப்பினாயே, அது எங்கே போனது என்று உனக்கே தெரியும், அன்றைக்கு வீடியோவில் மேனேஜரைக் காட்டும்போது அவள் கொம்புக்குப் பின்னால் நீ பார்த்துவிட்டாய். "அம்மா ரூம்ல இருக்கிற மாதிரியே ஒண்ணு மாட்டுக்கும் வாங்கிட்டீங்களாப்பா" என்று நீ கேட்ட தொனியில் எனக்கு வியர்த்துவிட்டது, கூலருக்கு நேராக நின்றுகொண்டு வியர்த்தவன் நான் ஒருவன்தான். அன்று நீ ரெக்கார்டு செய்யாமல் நேரடியாகத் திட்டினாய். கடைசியில் "நான் சொல்றத நீங்க என்னிக்குக் கேட்டிருக்கீங்க, இனிமே சொல்லல" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், என்னைப் பற்றிக் கேட்கவேண்டி வந்தால் "உன் வீட்டுக்காரர்" என்கிறாய்.

நீ பார்க்காததையும் சொல்லிவிடுகிறேன். கூலர் காற்று வீணாக வெளியே போகிறதே என்று கொட்டகையின் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி அடைத்தேன், கதவைச் சாத்தினால்தானே அறை குளிரும் என்று என் புத்தி. போதாததற்கு நனைத்த சாக்கை மேனேஜர் முதுகில் போர்த்தி, காயக் காயத் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வாரம் அந்தச் சாக்கை எடுக்கவே இல்லை, மேலே மேலே ஊற்றினதோடு சரி. பதினைந்து நாளுக்கு முன் திடீரென்று தீனியைத் தள்ளினாள், காது அனலாகக் கொதித்தது, மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டோம், மாட்டு டாக்டர், ஒல்லியான உருவம், பைக்கில் வருவார், நாற்பது வீட்டு மாடுகளையும் மாட்டுக்காரர்களையும் கட்டி மேய்க்கிறவர். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் கண்ணாடி ஆவியடித்து மூடிவிட்டது, துடைத்துக்கொண்டே "ஏன் சார், மாட்ட வளக்குறீங்களா, ஆவியில வேக வெக்கிறீங்களா" என்றார். அப்புறம் சாக்கைத் தூக்கினார். அடியில் உண்ணி, பாப்பா. ஆமணக்குக் கொட்டை மாதிரி ரத்தம் குடித்து உப்பி, வரிசை வரிசையாக, ஆபீஸ் பஸ்ஸில் சீட்டுப் பிடித்தது போல உட்கார்ந்திருக்கின்றன. "நாட்டு மாடுன்னா உண்ணிய ஓரளவு தாங்கும், இது தாங்காது, நீங்க அதுங்களுக்குக் கூரை போட்டுத் தண்ணி ஊத்தி வளத்திருக்கீங்க" என்றார். உண்ணிக் காய்ச்சல். மூன்றாவது கேள்வித்தாள்.

தார்ப்பாயை அவரே அறுத்துப் போட்டார். இப்போது நாலு பக்கமும் திறப்பு, தலைப்பக்கம் ஒரு விசிறி, கூரைமேல் வைக்கோல் பரப்பி நனைக்கிறோம், தொட்டியில் எப்போதும் நல்ல தண்ணீர். சுவர் இடுக்கெல்லாம் மருந்து அடித்தாகிவிட்டது. நானும் அம்மாவும் ஆளுக்கொரு டப்பாவில் மண்ணெண்ணெய் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உண்ணி பொறுக்கினோம், கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் அருகருகே உட்கார்ந்ததில்லை. கூலர் அம்மா அறைக்குத் திரும்பிவிட்டது, கொஞ்சம் மாட்டு வாசனை வருகிறதாம், மற்றபடி தலைசுற்றல் இல்லை. நீ சொன்னதுதான் சரி, கூலர் மாட்டுக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை.

ஊசி போட்டுப் போட்டுக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் அந்தக் கலவரத்தில் நான் தவிட்டுத் தண்ணீர் தொட்டிக்குள் குனிந்து கலக்கும்போது சட்டைப் பையிலிருந்து போன் உள்ளே விழுந்துவிட்டது. கையை விட்டுத் தேடி எடுத்து அரிசி டப்பாவில் மூன்று நாள் புதைத்து வைத்தேன். ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்து "இதுல போன் கொஞ்சம்தான் சார் இருக்கு, மிச்சமெல்லாம் தவிடு" என்றார். உன் திட்டு எல்லாம் அதோடு போயிற்று. உன்னிடம் இருக்குமே என்றால், அன்றைய கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னாயாம். அன்றிலிருந்து மேனேஜர் தீனியில் வாய் வைக்கவில்லை. பசும்புல்லை மோந்துவிட்டு முகத்தைத் திருப்புகிறாள். நான்கு நாளாக அசை போடவில்லை. அசை போடாத மாடு என்றால் என்னவென்று எனக்கு இப்போது தெரியும், டாக்டரம்மா சொல்லிவிட்டார். "மருந்து அது வேலைய முடிச்சிடுச்சு, இனிமே வயிறு ஓடணும். ரெண்டு மூணு நாள்ல அசை போடலன்னா படுத்துரும், படுத்தா நம்மால தூக்க முடியாது" என்றார்.

சும்மா இருப்பேனா. முதலில் அம்மாவைத் திட்டச் சொன்னேன். அவளும் திட்டினாள், ஆனால் முப்பத்தாறு வருஷமாக என்னைத் திட்டி ஒரு பலனும் காணாததால் அவள் குரலில் நம்பிக்கை இல்லை, அது மாட்டுக்கே தெரிந்துவிட்டது. தையல்காரர் மனப்பாடமாக ஒப்பித்தார், மேனேஜர் தும்மினாள். பிறகு நானே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குரலைக் கீச்சென்று ஏற்றி, "அப்பா, மாத்திரை எங்கப்பா" என்று உன்னைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு திட்டினேன். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் பால் சொசைட்டி செயலாளர் நிற்கிறார். அப்படியே பின்னோக்கி நடந்து போய் அம்மாவிடம் "சாருக்கு எப்பலேருந்து இப்படி" என்று கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அம்மா தன் பட்டன் போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்து மேனேஜர் காதருகே பிடித்தாள். நீ குழாய்க்காரன் வராததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய், நடுவில் "என்னம்மா ஒரே மூச்சுச் சத்தமா இருக்கு, உன் வீட்டுக்காரரா" என்று கேட்டாய். அம்மா ஆமாம் என்று சொல்லிவிட்டாள். அது நானில்லை. மேனேஜர் காதை லேசாக ஆட்டினாள், அவ்வளவுதான், புல்லைத் தொடவில்லை. திட்டச் சொல்லிக் கேளேன் என்று அம்மாவிடம் சைகை காட்டினேன், "நான் நடுவுல வர மாட்டேன், உங்க பொண்ணு, நீங்களே கேளுங்க" என்றுவிட்டாள்.

நேற்று டாக்டரம்மா கேட்டார், காய்ச்சலுக்கு முன்னால் இருந்தது இப்போது எது இல்லை என்று. தீனி அதே தீனி, தண்ணீர் அதே தண்ணீர். வேறு வழியில்லாமல் உன் சங்கதியைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை, மாட்டுக்குப் பழக்கம் பெரிய விஷயம் என்றார், சீட்டில் ஊசி, டானிக் எல்லாம் எழுதி, கடைசியில் "மகள் திட்டு, காலை 1, மாலை 1, ஐந்து நாள்" என்று எழுதி சீல் வைத்துக் கொடுத்தார். கிண்டலா நிஜமா எனக்குத் தெரியவில்லை. நான் படிக்காமல் மருந்துக்கடையில் நீட்டினேன், கடைக்காரர் பத்துப் பேர் முன்னால் சத்தமாக வாசித்து "ஊசி இருக்கு, டானிக் இருக்கு, கடைசி ஐட்டம் நம்மகிட்ட வராது" என்று சொல்லி அனுப்பினார். சீட்டின் படம் ஆறாவது பக்கத்தோடு வருகிறது.

ஆகவே பாப்பா, இதைப் படித்து முடித்தவுடன் ஊசிக்காரர் நம்பருக்கு ஒரு திட்டு அனுப்பு. இரண்டு வேளையும் வந்து போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார், நல்ல மனுஷன். மூன்று நிமிஷத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். காரணம் போதாது என்று நினைத்துக்கொள்ளாதே, மாத்திரைப் பொய், கூலர், தார்ப்பாய், சாக்கு, போன் எல்லாம் மேலே எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றாக எடுத்துக்கொள். என் மேல் பரிதாபப்பட்டுக் குரலை இறக்கிவிடாதே, இறக்கினால் உதைக்கிறாள்.

இன்னொன்று. அன்றைக்கு "நான் சொல்றத நீங்க என்னிக்குக் கேட்டிருக்கீங்க" என்று கேட்டாயே, பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். கேட்டிருக்கிறேன். ஏழு மாதமாக, ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை கேட்டிருக்கிறேன். இதற்குச் சாட்சி கொட்டகையில் நிற்கிறாள்.

நீ நல்ல உடம்போடு, நினைத்த காரியம் எல்லாம் கைகூடி நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடு. குழாய்க்காரனை விடாதே, உன் வாயால் இரண்டு வார்த்தை கேட்டால் தானாக வருவான். திட்டும்போது மட்டும் மறந்தும் "உன் வீட்டுக்காரர்" என்று திட்டிவிடாதே. பழையபடி அப்பா என்றே சொல்லித் திட்டு, அந்தச் சொல்லுக்குத்தான் காது திரும்பும். மேனேஜருடைய காதைத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
இன்றைய மாத்திரையைப் போட்டுவிட்ட
உன் அப்பா